ஒவ்வொரு ஞாயிறும் அதே இருமல்

ஒரு நாட்டின் பண்பாடு உயர்வதும் தாழ்வதும், விடுமுறை நாட்களில் அந்த நாட்டு மக்கள் வானொலியில் எதைக் கேட்கிறார்கள், தொலைக்காட்சியில் எதைப் பார்க்கிறார்கள் என்பதைப் பொறுத்தே அமைகிறது. வரலாறு இதற்குச் சான்று.

இப்படிச் சொல்லிவிட்டுப் பரிந்துரைக் குழுவின் தலைவர் ஒரு பிஸ்கட்டைத் தேநீரில் நனைத்தார். பாதி பிஸ்கட் உடைந்து உள்ளே விழுந்துவிட்டது. வரலாற்றை அப்படியே விட்டுவிட்டு, அவர் அதைக் கரண்டியால் தேட ஆரம்பித்தார்.

பொது ஒலிபரப்பு நிலையத்தின் கூட்ட அறை அது. வானொலி, தொலைக்காட்சி இரண்டுக்கும் அதுதான் நிலையம். ஒவ்வோர் ஆண்டும் நீண்ட விடுமுறை வருவதற்கு முன்னால் இங்கே ஒரு குழு கூடும். ‘விடுமுறையில் கேட்கவும் காணவும் உகந்தவை’ என்று பத்து நிகழ்ச்சிகளைத் தேர்ந்தெடுக்கும். அவை எல்லாப் பள்ளிகளுக்கும் எல்லா வீடுகளுக்கும் அறிவிக்கப்படும்.

குழுவில் தலைவர், நிலைய இயக்குநர், ஒரு பல் மருத்துவர், ஒரு தலைமையாசிரியை ஆகியோர் இருந்தார்கள். நீள மேசையின் கடைசியில் தீக்குச்சியும் இருந்தாள்.

ஒல்லி உடம்பு, சட்டென்று பற்றிக்கொள்ளும் கோபம். அதனால்தான் தீக்குச்சி என்று பெயர். வயது பத்து. நாற்காலியில் உட்கார்ந்தால் கால் தரையைத் தொடாது.

குழுவில் ஒரு சிறுவரும் இருக்க வேண்டும் என்று மேலிடத்திலிருந்து இந்த ஆண்டு உத்தரவு வந்திருந்தது. நிலையத்தில் எல்லாம் இருந்தன. ஒலிப்பதிவுக் கூடம் இருந்தது, ஒப்பனை அறை இருந்தது, நடுவழியில் நின்றுபோன ஒரு லிப்டும் இருந்தது. சிறுவர் மட்டும் இல்லை.

லிப்டைச் சரிசெய்ய வந்த மெக்கானிக், சனிக்கிழமை என்பதால் மகளையும் கூட்டி வந்திருந்தார். அவள் ஸ்பானரை எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தாள். இயக்குநர் அவளைப் பார்த்தார்.

“உனக்கு என்ன வயசும்மா?”

“பத்து சார்.”

“போதும், வா.”

தேர்வு அவ்வளவுதான். தீக்குச்சி சிறுவர் பிரதிநிதி ஆகிவிட்டாள்.

“பாப்பா,” என்றார் தலைவர், பிஸ்கட்டை மீட்டுவிட்டு. “வருங்காலத் தலைமுறையின் குரலாக நீ இங்கு அமர்ந்திருக்கிறாய். உணர்கிறாயா?”

தலைவர் எப்போதும் அச்சடித்த தமிழில்தான் பேசுவார். வீட்டில் சாப்பாட்டுக்கு உப்புக் கேட்பதென்றாலும், “உவர்ப்பு சற்றே குறைகிறது” என்பாராம்.

“உணர்றேன் ஐயா,” என்றாள் தீக்குச்சி.

“விதிப்படி, குழுவில இருக்கறவங்க எல்லா நிகழ்ச்சியையும் கேட்டு, பார்த்து, அப்புறம்தான் பரிந்துரைக்கணும்,” என்று இயக்குநர் மடமடவென்று சொல்லி முடித்தார். மருந்து விளம்பரத்தின் கடைசி வரியைப் படிப்பார்களே, அந்த வேகத்தில்.

பல் மருத்துவர் சிரித்தார். தலைமையாசிரியையும் சிரித்தார்.

“எல்லாத்தையுமா சார்?” என்று கேட்டாள் தீக்குச்சி.

“விதி அப்படிம்மா.”

முதல் இடம் யாருக்கு என்பதில் சிக்கலே இல்லை. ஞாயிறுதோறும் காலையில் வானொலியில் வரும் ‘இந்த வாரச் சிந்தனை’க்குத்தான். அதைப் பேசுபவர் தலைவர். அதைப் பரிந்துரைக்கும் குழுவுக்கும் தலைவர் அவரே. தற்செயலாக அப்படி அமைந்துவிட்டது.

“போன வாரம் பிரமாதம் ஐயா,” என்றார் பல் மருத்துவர்.

“அதுக்கு முந்தின வாரத்தைவிட ஒரு படி மேல,” என்றார் தலைமையாசிரியை. “இந்த லீவுல எல்லாப் பிள்ளைங்களும் வாராவாரம் கேக்கணும். கேட்டுட்டு ரெண்டு பக்கம் எழுதிட்டு வரணும். அதையே வீட்டுப்பாடமா குடுத்துடலாம்னு இருக்கேன்.”

“உன் பங்கு எளிது, பாப்பா,” என்றார் தலைவர். “‘வாரந்தோறும் புதுப்புதுச் சிந்தனை. கேட்டேன், வியந்தேன்!’ என்று அடுத்த கூட்டத்தில் நீ சொல்வாய். அதைப் பதிவுசெய்து தினமும் ஒலிபரப்புவோம்.”

“நான் இன்னும் கேக்கலையே ஐயா.”

“வியப்பாய்,” என்றார் தலைவர்.

*

வீட்டில் அப்பாவுக்குத் தலைகால் புரியவில்லை. பெருமையை யாரிடமாவது சொல்ல வேண்டும். அவருக்கு அதற்கு நல்ல வசதி இருந்தது. ஊரில் எந்த லிப்ட் நின்றாலும் அவர்தான் போவார். உள்ளே மாட்டிக்கொண்டவர்களிடம் கதவிடுக்கு வழியாக, “பதறாதீங்க, இதோ ஆயிடுச்சு. என் பொண்ணு விஷயம் தெரியுமா உங்களுக்கு?” என்று ஆரம்பிப்பார். அவர்களால் எங்கும் ஓட முடியாது.

அம்மா தையல் கடையில் வேலை செய்பவர். அவருக்கும் பெருமைதான். ஆனால் அதை அவர் வேறுவிதமாகக் காட்டினார்.

“குழு உறுப்பினர் அவர்களே, தின்ன தட்டைக் கொஞ்சம் கழுவி வைக்கிறீங்களா?”

“அம்மா!”

“கழுவிட்டு அப்புறம் நாட்டுக்குப் பரிந்துரை பண்ணுங்க.”

“எல்லா நிகழ்ச்சியும் கேக்கணுமாம்ப்பா,” என்றாள் தீக்குச்சி. “ஆனா அங்க யாரும் கேக்கப்போற மாதிரி தெரியலை.”

“மத்தவங்களை விடு. ஒத்துக்கிட்டல்ல? கேட்டுடு. பாதி ரிப்பேர் பண்ணின லிப்ட்ல நீ ஏறுவியா?”

தீக்குச்சி கேட்க ஆரம்பித்தாள், பார்க்கவும் ஆரம்பித்தாள். கூடவே தம்பியும் உட்கார்ந்தான். அவனுக்கு ‘தபால்’ என்று பெயர். எந்தச் செய்தியையும் அவன் காதில் போட்டால் போதும், அன்றைக்கே எல்லா வீட்டுக்கும் போய்ச் சேர்ந்துவிடும். தபால்தலைகூட ஒட்ட வேண்டியதில்லை.

தொலைக்காட்சியில் ‘இரும்பின் வரலாறு’ பார்த்தார்கள். முதல் பாகம் முடியும்வரை இரும்பு கண்டுபிடிக்கப்படவில்லை.

‘இசைக்கருவிகள் ஓர் அறிமுகம்’ பார்த்தார்கள். கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்த கருவிகளை ஒவ்வொன்றாகக் காட்டினார்கள். யாரும் எதையும் வாசிக்கவில்லை.

‘குளக்கரையில்’ என்று ஒன்று வந்தது. ஒரு கொக்கு ஒற்றைக் காலில் நின்றது. வேறு எதுவும் நடக்கவில்லை. ஆனால் அது எப்போது காலை மாற்றும் என்று இருவரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தார்கள். மாற்றியதும் தபால் எழுந்து குதித்தான். கீழ்வீட்டுக்காரர் கூரையைத் தட்டினார்.

ஞாயிறு வந்தது. சமையலறை வானொலியில் ‘இந்த வாரச் சிந்தனை’ ஆரம்பமானது.

“பண்பாட்டின் வேர்கள் ஆழமானவை,” என்றது தலைவரின் குரல். வேர்கள் எவ்வளவு ஆழம் என்று அது நெடுநேரம் சொல்லிக்கொண்டே போனது. தபால் தூங்கிப்போனான். தீக்குச்சியின் கண்ணும் செருகியது.

திடீரென்று குரல் மாறியது.

“வேர் என்றதும் நினைவுக்கு வருகிறது. எங்கள் பள்ளிக்கூடத்து இரும்புக் கேட்டுக்குப் பக்கத்தில் ஒரு மரத்து வேர் துருத்திக்கொண்டிருக்கும். ஒருநாள் தாமதமாகிவிட்டது, ஓடி வந்தேன். வேர் தடுக்கியது. நேராகப் போய் அந்த இரும்புக் கேட்டின் கம்பிகளுக்கு நடுவில் விழுந்தேன். தலை உள்ளே போய்விட்டது. வெளியே வரவில்லை. தலை பள்ளிக்கூடத்தில், உடம்பு தெருவில். எங்கள் வாத்தியார் வந்து பார்த்தார். இவன் வந்தவனா, வராதவனா? அவருக்கே குழப்பம். கடைசியில் ‘அரை நாள்’ என்று போட்டுக்கொண்டார்.”

தீக்குச்சி வாய்விட்டுச் சிரித்தாள். தபால் விழித்துக்கொண்டு, எதற்கென்று தெரியாமல் அவனும் சிரித்தான்.

வானொலியில் தலைவர் இருமினார். கதவின் கீல் கிறீச்சிடுவதுபோல் ஆரம்பித்து, டப்பா உருண்டதுபோல் முடிந்த இருமல்.

“நிற்க. பண்பாட்டின் வேர்கள் ஆழமானவை,” என்று பேச்சு பழைய வழிக்குத் திரும்பியது.

அடுத்த ஞாயிறும் தீக்குச்சி வானொலி முன்னால் உட்கார்ந்தாள். பண்பாட்டின் வேர்கள் இந்த வாரமும் ஆழமாகத்தான் இருந்தன. அதே மரத்து வேர் வந்தது, அதே கம்பி வந்தது. பிறகு அதே இருமல்.

“அக்கா, இது போன வாரம் வந்ததுல்ல?” என்றான் தபால்.

“மறு ஒலிபரப்பா இருக்கும். சும்மா இரு.”

மூன்றாம் ஞாயிறு, கம்பிக்குள் தலை போனதும், வானொலி சொல்வதற்கு முன்னாலேயே தபால் சொன்னான்: “தலை பள்ளிக்கூடத்தில், உடம்பு தெருவில்!” சரியான இடத்தில் இருமியும் காட்டினான். டப்பா உருண்டதுகூடத் தப்பவில்லை.

தீக்குச்சி வானொலியை அணைத்தாள். அவளுக்கு இப்போது சிரிப்பு வரவில்லை. ஞாயிற்றுக்கிழமை காலையில் நிலையத்தில் பேச்சுகளை ஒலிபரப்புகிறவர் யார் என்பது அவளுக்குத் தெரியும்.

“தபால், இதை யார்கிட்டயும் சொல்லக் கூடாது.”

“யார்கிட்டயுமா?”

“யார்கிட்டயும்.”

“எதிர்வீட்டுத் தாத்தாவுக்குக் காதே கேக்காது. அவர்கிட்ட மட்டும்?”

“டேய்!”

தபால் இரண்டு கைகளாலும் வாயைப் பொத்திக்கொண்டான். செய்தி உள்ளே முட்டுவது கண்ணில் தெரிந்தது.

*

மேல்மாடியில் சித்தி துணி காயப்போட்டுக்கொண்டிருந்தார். காலை வேலையை முடித்துவிட்டு அப்போதுதான் திரும்பியிருந்தார்.

சித்தி அம்மாவின் தங்கை. நிலையத்தில் ஒலிபரப்பு மேசையில் வேலை. அதில் அவருக்குக் கர்வமே உண்டு. “நான் பொத்தானை அமுக்கினாத்தான் இந்த ஊரே வாயைத் திறக்கும்,” என்பார். வேலை இன்னும் நிரந்தரமாகவில்லை. இந்த விடுமுறை முடிந்ததும் ஆகிவிடும் என்று சொல்லியிருந்தார்கள்.

“வாங்க, சிறுவர் பிரதிநிதி! அந்தப் பக்கத்து நுனியைப் பிடி.”

தீக்குச்சி போர்வையின் நுனியைப் பிடித்துக்கொண்டு விஷயத்தைச் சொன்னாள்.

சித்தியின் வாயில் இருந்த கிளிப் கீழே விழுந்தது.

“மூணு வாரமும் ஒண்ணேவா?”

“அதுக்கு முன்னாடியும் அப்படித்தான் இருக்கும்னு நெனக்கிறேன் சித்தி.”

“ஐயோ...” சித்தி அப்படியே வாளியைக் கவிழ்த்துப்போட்டு அதன்மேல் உட்கார்ந்துவிட்டார். “ஒவ்வொரு வாரமும் ஐயா வந்து புதுசு பேசிட்டுத்தான்டீ போறாரு. பதிவுக்கு நம்பர் போடறேன்னு சொன்னேன். ‘சிந்தனைக்கு ஏது எண்?’னு கேட்டாரு. சரி, தேதியாவது போடறேன்னேன். ‘சிந்தனைக்குக் காலம் உண்டோ?’ன்னாரு. எல்லாத்துக்கும் ‘இந்த வாரச் சிந்தனை’ன்னு ஒரே பேரு! கம்ப்யூட்டர் லிஸ்ட்ல புதுசுதான் மேல வந்து நிக்கும்னு நெனச்சு, நான் மேல இருக்கறதை அமுக்கிட்டேன். புதுசெல்லாம் கீழ போய்ச் சேந்திருக்கு போல. மழை ஆரம்பிச்சதுலேருந்து மேல இருக்கறது ஒண்ணுதான்.”

“நீங்க கேக்க மாட்டீங்களா சித்தி?”

சித்தி துணிக்கயிற்றைப் பார்த்தார். “அமுக்கிட்டு டீ குடிக்கப் போயிடுவேன்.”

கீழே கிடந்த கிளிப்பை எடுத்துக் கயிற்றில் குத்தினார்.

“ஒருத்தர்கூடச் சொல்லலையேடீ!” சித்திக்கு இப்போது கோபம் வந்தது. “ஒரு போன் வரலை. ஊர்ல இத்தனை பேர் இருந்து, இத்தனை வாரமா ஒருத்தருக்குக்கூடக் காது இல்லையா?”

“சித்தி, நான் அந்தக் கூட்டத்துல ‘வாரந்தோறும் புதுப்புதுச் சிந்தனை’ன்னு சொல்லணும். அதை தினமும் போடுவாங்களாம். எப்படி சித்தி சொல்றது?”

சித்தி அவளை நிமிர்ந்து பார்த்தார். அவருக்கும் புரிந்தது. உண்மை வெளியே வந்தால் சித்தியின் வேலை போய்விடும். வராவிட்டால், கேட்காததைக் கேட்டேன் என்று தீக்குச்சி ஊருக்கே சொல்ல வேண்டும்.

“பொய் சொல்லுன்னு உன்கிட்ட நான் சொல்ல மாட்டேன்,” என்றார் சித்தி. “ஆனா சொல்லும்போது என் மூஞ்சியப் பாக்காதே. நான் அந்த ரூம்லதான் இருப்பேன். அழுதாலும் அழுதுடுவேன்.”

*

இரண்டாம் கூட்டத்துக்குப் பிஸ்கட் வேறு வகை வந்திருந்தது. தலைவர் இம்முறை நனைக்கவில்லை.

அறையின் மூலையில் ஒலிக்கருவியின் முன்னால் சித்தி இருந்தார். குழு எதையாவது கேட்க விரும்பினால் போட்டுக் காட்டுவதற்காக அவரை உட்கார வைத்திருந்தார்கள். எந்த ஆண்டும் யாரும் கேட்க விரும்பியதில்லை.

“போன வாரம் கண்ணீரே வந்துடுச்சு ஐயா,” என்றார் பல் மருத்துவர்.

“எனக்கு முந்தின வாரம்தான்,” என்றார் தலைமையாசிரியை, விட்டுக்கொடுக்காமல். “ரெண்டும் ரெண்டு விதம்!”

“தினுசு தினுசா குடுக்கறார்,” என்று இயக்குநரும் சேர்ந்துகொண்டார்.

தலைவர் கண்ணை மூடி எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டார். பிறகு தீக்குச்சியின் பக்கம் திரும்பினார். “பாப்பா, வருங்காலம் பேசட்டும்.”

ஒலிவாங்கியை அவள் முன்னால் நகர்த்தினார்கள். சிவப்பு விளக்கு எரிந்தது.

அப்பா எல்லா லிப்டிலும் சொல்லியாகிவிட்டது. மூலையில் சித்தி கைக்குட்டையைத் தயாராகப் பிடித்திருந்தார். ‘வாரந்தோறும்’ என்ற சொல் தொண்டைவரை வந்தது. அதற்குமேல் வர மறுத்தது.

பொய் சொல்லக் கூடாது. சித்தியையும் காட்டிக்கொடுக்கக் கூடாது. அப்படியானால் மிச்சம் என்ன இருக்கிறது? யோசித்தாள். ஒன்று இருந்தது.

“ஐயா, உங்க பேச்சுல ஒரு இடம் எனக்கு ரொம்பப் பிடிச்சுது,” என்றாள். “நெஜமாவே பிடிச்சுது. அதை மட்டும் எல்லாருமா சேந்து ஒரு தடவை கேக்கலாமா? அப்புறம் நான் அதைப் பத்தியே சொல்றேன்.”

தலைவரின் முகம் மலர்ந்தது. “கேட்கலாமே! எந்த வாரப் பேச்சு?”

“எந்த வாரமா இருந்தாலும் பரவாயில்லை ஐயா.”

மூலையில் சித்திக்கு விக்கல் எடுத்தது. ஆனாலும் பொத்தானை அமுக்கினார்.

பண்பாட்டின் வேர்கள் ஆழமானவை என்று பேச்சு ஆரம்பித்தது. பல் மருத்துவர் கொட்டாவியை மூக்குவழியாக விட்டார். பிறகு வேர் தடுக்கியது. தலை கம்பிக்குள் போனது. வாத்தியார் வந்தார். அரை நாள் போட்டார்.

முதலில் சிரித்தது தலைமையாசிரியை. வருகைப் பதிவு விஷயமாயிற்றே, அவரால் அடக்க முடியவில்லை. பிறகு இயக்குநர் சிரித்தார். பல் மருத்துவர் வாயைப் பெரிதாகத் திறந்து சிரித்ததில், அவருக்கே ஒரு சொத்தைப் பல் இருப்பது எல்லோருக்கும் தெரிந்துபோனது.

“இதைச் சொல்லவே இல்லையே ஐயா நீங்க!” என்றார் அவர், கண்ணைத் துடைத்துக்கொண்டு.

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்பது அவருக்கு உறைத்தது.

தலைவர் சிரிக்கவில்லை. “இது மழைக்காலத் தொடக்கத்தில் பேசியதாயிற்றே,” என்றார். “பாப்பா, நீ குழுவுக்கு வந்தது இந்த மாதம்தானே? இதை எப்போது கேட்டாய்?”

“போன ஞாயிறு ஐயா.”

“அதற்கு முந்தைய ஞாயிறு?”

“...இதுதான் ஐயா.”

“அதற்கும் முன்னால்?”

தீக்குச்சி தலையைக் குனிந்துகொண்டாள்.

நாற்காலி கிறீச்சிட்டது. சித்தி எழுந்து நின்றார்.

“அவளைக் கேக்காதீங்க ஐயா. தப்பு என்னோடது. ஒரே பதிவைத்தான் வாராவாரம் போட்டிருக்கேன். எல்லாத்துக்கும் ஒரே பேர் இருந்ததால தெரியலை. ஆனா கேட்டுப் பாத்திருக்கணும். கேக்கலை.”

கைக்குட்டையை அவர் பயன்படுத்தவில்லை. அழாமல் நேராக நின்றார்.

இயக்குநர் எழுந்தார். முகம் சிவந்திருந்தது. “இது சாதாரண விஷயம் இல்லை! பண்பாடு! இதுக்கு நீங்க எழுத்துல விளக்கம் தரணும். மேலிடத்துக்கு நான் அனுப்பியாகணும். அதுக்கப்புறம் உங்க வேலை இருக்கும்னு நெனக்காதீங்க!” பேனாவின் மூடியைத் திறந்தார்.

“சார்,” என்றாள் தீக்குச்சி.

“என்னம்மா?”

“அந்த விளக்கத்துல, இத்தனை வாரமா வேற யாரும் ஏன் கவனிக்கலைன்னும் எழுதணுமா சார்?”

தலைமையாசிரியை பிஸ்கட்டில் இருந்த ஓட்டைகளைக் கவனமாகப் பார்த்தார். பல் மருத்துவர் நாக்கால் தன் சொத்தைப் பல்லைத் தடவிக்கொண்டார். இயக்குநர் பேனாவைப் பார்த்தார், சித்தியைப் பார்த்தார், கூரையைப் பார்த்தார். பேனாவை மூடினார்.

“இனிமே நம்பர் போட்டுடுங்க,” என்றார், மிக மெல்லிய குரலில்.

“சரி சார்,” என்றார் சித்தி.

எல்லோரும் மூச்சு விட்டார்கள். தலைவர் மட்டும் அசையவில்லை.

“அதற்குப் பிறகு எவ்வளவோ பேசினேன்,” என்றார். “அறம் பற்றிப் பேசினேன். நேர மேலாண்மை பற்றிப் பேசினேன்.”

“எல்லாம் பத்திரமா இருக்கு ஐயா,” என்றார் சித்தி.

“இருக்கும். யாருமே தொடவில்லையே.” அவர் தேநீர்க் கோப்பையை ஒரு பக்கம் நகர்த்தினார், மறுபடி இந்தப் பக்கம் நகர்த்தினார். “அப்படியானால் என்னை யாரும் கேட்கவில்லை.”

அவ்வளவு நேரம் பெரியவராகத் தெரிந்த தலைவர், அந்த நாற்காலியில் திடீரென்று சின்னவராகத் தெரிந்தார்.

“நான் கேட்டேன் ஐயா,” என்றாள் தீக்குச்சி. “மூணு வாரமும் கேட்டேன். முதல் தடவை அந்த இடத்துல வாய்விட்டுச் சிரிச்சேன். என் தம்பி அதை மனப்பாடமாவே சொல்லுவான். இருமலோட.”

“இருமலோடவா?” என்றார் தலைவர்.

அவர் வாயிலிருந்து அச்சடிக்காத தமிழ் வந்தது அதுதான் முதல் தடவை.

“டப்பா உருள்ற மாதிரி முடியுமே ஐயா, அதையும் விட மாட்டான்.”

தலைவரின் மீசைக்குக் கீழே ஏதோ அசைந்தது. “அது இருமல் இல்லம்மா. சொல்லக் கூடாததைச் சொல்லிட்டோமேன்னு ஒரு கூச்சம். அதை மறைக்க இருமினேன்.”

“கம்பியிலேருந்து எப்படி ஐயா வெளிய வந்தீங்க? அதை நீங்க சொல்லவே இல்லை. மூணு வாரமா காத்துக்கிட்டிருக்கோம்.”

“அதுவா?” தலைவர் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார். “சோப்பு போட்டாங்க. காதுல, மூக்குல, எல்லாத்துலயும் சோப்பு. நான் தும்மினேன் பாரு ஒரு தும்மல்! பின்னாலேருந்து என் காலைப் பிடிச்சு இழுத்துக்கிட்டிருந்த ரெண்டு பசங்க மேல போய் விழுந்தேன். அவங்களுக்கும் அரை நாள்!”

இயக்குநர் மேசையைத் தட்டிச் சிரித்தார்.

“இந்த மாதிரி இன்னும் இருக்கா ஐயா?” என்று கேட்டாள் தீக்குச்சி.

“ஒண்ணா ரெண்டா!”

“அப்ப லீவுல இதையே சொல்லுங்களேன். இதை நான் பரிந்துரைப்பேன். எழுதிக் குடுக்காமலே சொல்லுவேன்.”

அதன் பிறகு கூட்டம் வேறு மாதிரி நடந்தது. தான் கேட்டதை, பார்த்ததை மட்டும் ஒவ்வொருவரும் சொல்வது என்று தீக்குச்சி ஒரு யோசனை சொன்னாள். மறுக்க யாருக்கும் தைரியம் இல்லை.

பல் மருத்துவர், தொலைக்காட்சியில் மாலையில் வரும் கரடிப் பொம்மைப் படத்தை ஒன்றுவிடாமல் பார்ப்பதாக ஒப்புக்கொண்டார். கரடிக்கு இந்த வாரம் பல் விழுந்துவிட்டதாம். சொல்லும்போது அவருக்கு உண்மையாகவே குரல் கம்மியது. தலைமையாசிரியை, வானொலியில் மதியம் வரும் விடுகதை நிகழ்ச்சியைச் சொன்னார். எத்தனை சரியாகச் சொல்வீர்கள் என்று யாரும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. இயக்குநர் சமையல் போட்டியைச் சொன்னார். அதில் பாத்திரம் கருகுவதற்காகவே காத்திருப்பாராம். தீக்குச்சி ஒற்றைக் கால் கொக்கைச் சொன்னாள்.

‘இரும்பின் வரலாறு’ என்று யாரும் சொல்லவில்லை. இரும்பு இதையும் தாங்கிக்கொள்ளும்.

“என் பேச்சுக்குப் பெயர் ‘நினைவலைகளின் நீங்காத நறுமணம்’,” என்றார் தலைவர், கொஞ்சம் பழைய குரலில்.

“‘கம்பிக்குள்ள தலை’ன்னு வைக்கலாமே ஐயா,” என்றாள் தீக்குச்சி.

தலைவர் மீசையை ஒருமுறை நீவினார். “சரி, வச்சுக்கோ. நம்பரும் போட்டுக்கோங்க. சிந்தனைக்குத்தான் எண் கிடையாது. கதைக்கு உண்டு.”

*

விடுமுறையின் முதல் நாள் காலை. ‘கம்பிக்குள்ள தலை’ ஒலிபரப்பாகப் போகிறது என்பது தெருவில் எல்லோருக்கும் தெரிந்திருந்தது. இரகசியத்தைக் காத்த களைப்பில் கிடந்த தபாலிடம், இதையாவது எல்லோரிடமும் சொல்லலாம் என்று அக்கா அனுமதி கொடுத்திருந்தாள். கதவு கதவாகப் போய்ச் சொன்னான். காது கேட்காத எதிர்வீட்டுத் தாத்தாவிடம் இரண்டு முறை சொன்னான்.

கட்டடத்தின் கீழ்த்தளத்தில் வானொலியைக் கொண்டுவந்து வைத்தார் அப்பா. பக்கத்துக் கட்டடத்திலிருந்தும் ஆட்கள் வந்துவிட்டார்கள். அப்பா ஒருநாள் நின்றுபோன லிப்டிலிருந்து மீட்ட இரண்டு பேரும் வந்திருந்தார்கள். அவர்களுக்கு ஏற்கெனவே எல்லாம் தெரியும். அம்மா தானே தைத்த புதுச் சட்டையைத் தீக்குச்சிக்குப் போட்டுவிட்டிருந்தார். தட்டுக் கழுவும் பேச்சை அன்று யாரும் எடுக்கவில்லை.

நிலையத்தில் சித்தி, சரியான எண்ணை இரண்டு தடவை பார்த்துவிட்டுப் பொத்தானை அமுக்கினார். தேநீருக்குப் போகாமல் அங்கேயே உட்கார்ந்து கேட்டார்.

“இப்போது நீங்கள் கேட்கப்போவது,” என்றது வானொலி, “இந்த ஆண்டுப் பரிந்துரையில் முதலிடம் பெற்ற நிகழ்ச்சி. இதைத் தேர்ந்தெடுத்தவர், முழுவதையும் கேட்ட பிறகே பரிந்துரைத்த சிறுவர் பிரதிநிதி!”

எல்லோரும் கை தட்டினார்கள். “என் பொண்ணு!” என்றார் அப்பா, தெருமுனைவரை கேட்கும்படி. கூட்டம் முழுவதும் திரும்பித் தீக்குச்சியைத் தேடியது.

சிறுவர் பிரதிநிதி அப்போது கழிவறையில் இருந்தாள்.